இழையா, சரமா, நரம்பா? ஸ்ட்ரிங் தியரியின் பொருளை +2 பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

#1 · வியாசர்பாடி ஞாயிறு வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் +2 பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஸ்ட்ரிங் தியரி பற்றிப் பேச வேண்டும். "உலகத்துல எல்லாமே குட்டிக் குட்டி நூலு, அது ஆடுது" என்பது வரை வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கிருந்து ஒரு படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும். அவர்கள் கேட்பது மூன்றுதான். அந்த நூல் எதால் ஆனது? 26 பரிமாணம், 10 பரிமாணம் என்கிற எண்கள் எங்கிருந்து வருகின்றன? இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா?

கையில் ஒரு சுரமானி (பெட்டி மேல் கம்பி கட்டி, முனையில் எடை தொங்கவிடும் கருவி), 256, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைகள், ஒரு லேப்டாப் இருக்கின்றன. கணக்கு +2 பாடத்தைத் தாண்டக் கூடாது.

#2 · ராயபுரம் இயற்பியல்

சுரமானி இருக்கிறதே சார், அதிலேயே தொடங்குங்கள். முதல் கேள்விக்கான பதில் அந்தக் கம்பிக்கும் கோட்பாட்டின் இழைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி ஒரு மீட்டருக்கு 1.54 கிராம். 4 கிலோ தொங்கவிட்டால் இழுவிசை 39.2 நியூட்டன். இழுவிசையை ஓரலகு நீளத்தின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் நொடிக்கு 159 மீட்டருக்குச் சற்று மேல். இங்கே நிறை கம்பியின் குணம், இழுவிசை நாம் தொங்கவிடும் எடை. இரண்டும் தனித்தனி.

கோட்பாட்டின் இழையில் இவை இரண்டல்ல. அதன் ஒவ்வொரு மீட்டரிலும் உள்ள ஆற்றலே அதன் இழுவிசை. அந்த ஆற்றலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது நிறை. அதே வாய்ப்பாட்டில் இதைப் போட்டால் அலையின் வேகம் எப்போதும் ஒளிவேகம்தான். உங்கள் எஃகுக் கம்பியை இந்த நிலைக்குக் கொண்டுவர 1.4×10¹⁴ நியூட்டன் வேண்டும். அதாவது சுமார் 1,400 கோடி டன் தொங்கவிட வேண்டும். கம்பியோ சில பத்து கிலோவிலேயே அறுந்துவிடும்.

இதிலிருந்து "எதால் ஆனது" என்ற கேள்விக்கு வரலாம். எஃகை இழுத்தால் அணுக்கள் விலகும், கம்பி மெலியும், இழுவிசை ஏறும். இந்த இழையை இழுத்தால் மெலியாது, இழுவிசை மாறாது. நீளம் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்கு, அவ்வளவுதான். விலகிப் போக உள்ளே மணிகளோ அணுக்களோ இல்லை. இழுபட்ட நிலையின் ஆற்றல்தான் அதன் நிறை முழுவதும்.

#3 · பூக்கடை மொழிபெயர்ப்பு

அப்படியானால் சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். தமிழில் பலர் "சரக் கோட்பாடு" என்று எழுதுகிறார்கள். சரம் என்றால் கோத்தது. பூச்சரம், மணிச்சரம், பட்டாசுச் சரம் எல்லாவற்றிலும் தனித்தனிப் பொருள்கள் வரிசையாக இருக்கும். பூக்கடைக்குப் போய்ச் சரம் என்று கேட்டால் தருவதும் அதுதான். பிள்ளைகள் மனத்தில் "கோத்த துகள்கள்" என்ற படம் விழுந்துவிடும். ராயபுரம் சார் இப்போது மறுத்த படமே அது.

"நரம்பு" பழைய சொல். யாழின் நரம்பு, வீணையின் நரம்பு என்பதில் இழுவிசையும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன. பொருளுக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனால் இன்று நரம்பு என்றதும் உடம்பு நரம்பே நினைவுக்கு வரும். "இழை" நடுவில் நிற்கிறது. என் வாக்கு இழைக்கு.

#4 · ராயபுரம் இயற்பியல்

ஏற்கிறேன். அதில் இயற்பியல் காரணமும் உண்டு. பூச்சரத்தில் ஏழாவது மல்லிகையைத் தொட்டுக் காட்டலாம். அது இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தது என்று சொல்லலாம். அதாவது சரத்தின் நீளவாக்கில் அதிர்வு இருக்க முடியும். கோட்பாட்டின் இழையில் "இந்தப் புள்ளி" என்று எதையும் அடையாளம் வைக்க முடியாது. புள்ளிகளை எப்படி எண்ணிட்டாலும் இயற்பியல் மாறாது என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே நீளவாக்கில் நகர்ந்தது என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. நெட்டதிர்வு கிடையாது, குறுக்கதிர்வு மட்டுமே. இதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள் சார், 26-க்கு இது வேண்டும்.

#5 · கொருக்குப்பேட்டை +2

சார், கேள்வி. பரிமாணம் எத்தனை என்று அளந்துதானே பார்க்க வேண்டும்? கணக்கு போட்டு எப்படி 26 என்று வரும்?

#6 · பெரம்பூர் கணக்கு

நல்ல கேள்விம்மா. மற்ற கோட்பாடுகளில் பரிமாணத்தை நாம்தான் உள்ளே கொடுக்கிறோம். நியூட்டனின் விதியை மூன்றிலும் எழுதலாம், ஏழிலும் எழுதலாம். இழையைக் குவாண்டம் விதிப்படி எழுதும்போதுதான் பரிமாணத்தின் எண்ணிக்கை விடையாக வெளியே வருகிறது. படிப்படியாகச் சொல்கிறேன்.

குவாண்டம் விதிப்படி எந்த அதிர்வுக்கும் அமைதி நிலையில்கூட அரைப் பங்கு ஆற்றல் மிச்சம் இருக்கும். இழையின் அதிர்வுகள் 1, 2, 3, 4... என்ற மடங்குகளில் போகின்றன. ஆகவே ஒரு திசையில் மிச்ச ஆற்றல் ½ × (1+2+3+4+...). அந்தக் கூட்டலுக்கு −1/12 என்ற மதிப்பைக் கொண்டால் திசைக்கு −1/24. (அது ஏன் −1/12 என்பது அடுத்த பதிவில்.)

எத்தனை திசை? மொத்தப் பரிமாணத்தில் காலம் ஒன்று போகும். நெட்டதிர்வு இல்லாததால் இழையின் நீளவாக்குத் திசை ஒன்று போகும். மிச்சம் மொத்தத்தில் இரண்டு குறைவு.

இனி முதல் அதிர்வு நிலை. அதில் திசைக்கு ஒன்றாக, மொத்தத்தில் இரண்டு குறைவான நிலைகள் உண்டு. சார்பியல் சொல்வது இது: திசை காட்டும் துகளுக்கு நிறை இருந்தால் அதை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம், அப்போது எல்லா இடத் திசைகளும் சமம், ஆகவே மொத்தத்தில் ஒன்று குறைவான நிலைகள் வேண்டும். நம்மிடம் ஒன்று பற்றாக்குறை. எனவே அந்தத் துகளுக்கு நிறை இருக்கவே முடியாது. ஒளித்துகளைப் போல அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறை சுழி என்றால் முதல் அதிர்வின் 1, மிச்ச ஆற்றலோடு கூட்டிச் சுழியாக வேண்டும். திசைகளின் எண்ணிக்கையை 24-ஆல் வகுத்தால் 1. திசைகள் 24, மொத்தம் 26.

சரிபார்க்க இரண்டாம் நிலைக்குப் போ. ஒரு திசையில் இரண்டாம் மடங்கு அதிர்வு: 24 வழி. முதல் மடங்கு இரண்டு முறை: 300 வழி. (இங்கே பலர் 24×24 = 576 என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒரே வகை என்பதால் வரிசை மாற்றம் புது நிலை ஆகாது, 24×25÷2 தான்.) கூட்டினால் 324. நிறையுள்ள ஸ்பின் 2 துகளுக்கு (ஸ்பின் என்பது துகளின் உள்ளார்ந்த சுழற்சி) 25 இடத் திசைகளில் வேண்டிய நிலைகள் 25×26÷2 − 1. அதுவும் 324. ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை.

#7 · பெரம்பூர் கணக்கு

−1/12 பற்றி. 1913 பிப்ரவரி 27 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இந்தக் கூட்டல் இருக்கிறது. அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர். நம் பிள்ளைகள் தினம் பஸ்ஸில் தாண்டிப் போகும் ராஜாஜி சாலைப் பக்கம்தான் அந்தத் துறைமுகம். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் இருக்கிறது. வகுப்பை அங்கே ஒரு முறை கூட்டிப் போகலாம்.

லேப்டாப்பில் செய்யும் முறை: எக்ஸெல்லில் முதல் பத்தியில் 1 முதல் 300 வரை எண்கள். இரண்டாம் பத்தியில் அந்த எண் × (0.904837418-இன் அந்த எண் அடுக்கு). அதாவது பெரிய எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குகிறோம். அடக்கும் வேகம் 0.1 (0.904837418 என்பது e-இன் −0.1 அடுக்கு). கூட்டல் 99.91671 வரும். இதிலிருந்து 1÷0.1², அதாவது 100-ஐக் கழித்தால் −0.08329. ஒன்றின் கீழ் பன்னிரண்டு 0.08333. அடக்கும் வேகத்தை 0.2 ஆக்கினால் 25-ஐக் கழிக்க வேண்டும், விடை −0.08317. கழிக்கும் எண் மாறுகிறது, மிச்சம் கிட்டத்தட்ட அதேதான். வேகத்தைக் குறைக்கக் குறைக்க −1/12-ஐ நெருங்கும்.

#8 · வியாசர்பாடி ஞாயிறு வகுப்பு

சார், செய்து பார்த்தேன். எனக்கு 100.277 என்று வருகிறது. கழித்தால் நேர்க்குறி. இன்னொருவர் 100 வரிசை மட்டும் போட்டார், −0.131 வந்தது.

#9 · பெரம்பூர் கணக்கு

இரண்டுக்கும் காரணம் தெரிகிறது. நீங்கள் 0.905 என்று சுருக்கியிருப்பீர்கள். அடியில் (1 − 0.905) வர்க்கமாக வருவதால் சின்னப் பிழை இரண்டாயிரம் மடங்கு பெருகிவிடும். 0.904837 என்று ஆறு இலக்கம் போட்டாலே நான்காம் தசமம் கெடும். ஒன்பது இலக்கம் வேண்டும், அல்லது எக்ஸெல்லின் அடுக்குச் சார்பை அப்படியே பயன்படுத்துங்கள்.

100 வரிசையில் நிறுத்தினால் விட்டுப்போன வால் 0.0477. நாம் தேடும் எண்ணே 0.083 என்பதால் அந்த வால் விடையைக் கெடுக்கிறது. 200 வரிசையில் வால் பத்து லட்சத்தில் நான்கு பங்குதான். அடக்கும் வேகத்தை 0.001 ஆக்க ஆசைப்பட்டால் இருபதாயிரம் வரிசைக்கு மேல் வேண்டும். வகுப்பில் 0.1, 0.2 இரண்டுமே போதும்.

#10 · எண்ணூர் பொறியாளர்

இந்த இடத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 100-ஐக் கழிக்க யார் அனுமதி தந்தது? அடக்கும் வேகத்தைக் குறைத்தால் அந்த 100 முடிவிலியாகும். பிடிக்காத முடிவிலியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை இயற்பியல் என்று சொல்லலாமா?

#11 · பெரம்பூர் கணக்கு

கேட்க வேண்டிய மறுப்பு. இதைத் தாண்டிப் போனால் பிள்ளைகள் மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். எறியவில்லை சார், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.

அடக்குவது அதிர்வெண்ணை வைத்து. அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதம். இதைப் போட்டு எழுதினால் மொத்த மிச்ச ஆற்றலில் இரண்டு உறுப்புகள் வரும். ஒன்று நீளத்துக்கு நேர்விகிதம், மிகப் பெரியது. மற்றது −1/12 பெருக்கிய, நீளத்துக்கு எதிர்விகிதமான உறுப்பு. நீளத்துக்கு நேர்விகிதமான ஆற்றல் என்றால் என்ன? ராயபுரம் சார் சொன்ன இழுவிசையேதான். ஆய்வகத்தில் இழுவிசை என்று நாம் அளப்பது இந்த உறுப்பையும் சேர்த்த மொத்தத்தை. ஆகவே அது ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. நீளத்துக்கு எதிர்விகிதமான உறுப்பை இழுவிசையில் ஒளித்துவைக்க முடியாது. அது தனியாக நிற்கும், அளக்கவும் படும்.

இதே வகைக் கணக்கை 1948-இல் காசிமிர் இரண்டு உலோகத் தகடுகளுக்குச் செய்தார். வெற்றிடத்தில் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். 1997-இல் லாமரோ அந்த விசையைத் துல்லியமாக அளந்தார். வகுப்பில் −1/12 சொன்ன உடனே காசிமிரையும் சொல்லிவிடுங்கள்.

#12 · எண்ணூர் பொறியாளர்

இழுவிசையில் சேர்கிறது என்ற விளக்கம் தெளிவு. ஏற்கிறேன். 10 எப்படி?

#13 · பெரம்பூர் கணக்கு

26 வரும் இழையில் எலெக்ட்ரான் வகைத் துகள்களுக்கு இடமில்லை. தவிர, அதன் அடிநிலையின் நிறை வர்க்கம் எதிர்க்குறியில் வருகிறது. டேக்கியான் என்பார்கள். மலை உச்சியில் வைத்த பந்து போல நிலைக்காத அடித்தளம் என்று பொருள். ஃபெர்மியான் (எலெக்ட்ரான் வகை) அதிர்வுகளையும் சேர்த்தால் அவை ½, 3/2, 5/2 என்று அரை மடங்குகளில் போகும், திசைக்கு −1/48 தரும். முன்னதோடு கூட்டினால் திசைக்கு −1/16. முதல் அதிர்வு இப்போது ½. ஆகவே திசைகள் 8, மொத்தம் 10. டேக்கியானை கிலியோசி, ஷெர்க், ஆலிவ் மூவரும் கண்ட தேர்வு விதி நீக்கிவிடுகிறது.

#14 · ராயபுரம் இயற்பியல்

ஈர்ப்பு இதற்குள் எப்படி நுழைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் கணிப்பில் கோட்பாட்டின் பொருளே அங்கேதான் இருக்கிறது.

இது ஈர்ப்புக்காகப் பிறந்ததல்ல. 1968-இல் வெனிசியானோ வன்விசைத் (அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசை) துகள் மோதல்களுக்கு ஆய்லரின் பீட்டா சார்பைப் பொருத்தினார். அந்தச் சார்பு இழைகளின் மோதலைக் குறிக்கிறது என்று நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் தனித்தனியே கண்டார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. புரோட்டான் போன்றவற்றின் உள்ளே இருக்கும் குவார்க்கையும் அதன் எதிர்த்துகளான எதிர்க்குவார்க்கையும் பிரித்தால் நடுவில் ஒரு புலக்குழாய் நீளும். அதன் இழுவிசை சுமார் 1.5 லட்சம் நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 டன். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் ஒரு 20 அடி கன்டெய்னரைச் சரக்கோடு தூக்கும் விசை ஒரு புரோட்டானுக்குள்ளே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பதியும்.

ஆனால் கணக்கில் வேண்டாத ஒரு துகள் வந்துகொண்டே இருந்தது. மூடிய வளைய இழையில் அதிர்வுகள் வலமும் இடமும் தனியே சுற்றும். முதல் நிலையில் 24×24 = 576 நிலைகள். (இங்கே வலமும் இடமும் வேறு என்பதால் 576 சரி. மேலே இரண்டாம் நிலையில் தவறு. குழம்ப வேண்டாம்.) இது 299 + 276 + 1 என்று பிரியும். அந்த 299 நிறையற்ற ஸ்பின் 2 துகள். வன்விசையில் அப்படி ஒன்று கிடையாது. 1974-இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும், தனியாக யோனேயாவும், அதை விரட்டப் பார்க்காமல் அதுதான் ஈர்ப்பைச் சுமக்கும் துகளான கிராவிட்டான் என்றார்கள். நிறையற்ற ஸ்பின் 2 துகள் மற்றவற்றோடு முரணின்றி உறவாட வேண்டுமென்றால் குறைந்த ஆற்றலில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுதான் வரும். ஈர்ப்பை யாரும் உள்ளே வைக்கவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

#15 · எண்ணூர் பொறியாளர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இழையின் நீளம் பிளாங்க் நீளம் என்று கொண்டால் 1.6×10⁻³⁵ மீட்டர். இழையை ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கினால் புரோட்டான் சுமார் 11 ஒளியாண்டு அகலமாகும், சிரியஸ் விண்மீனைத் தாண்டி. ஜெனீவாவின் துகள் மோதுவான் (எல்.எச்.சி.) 27 கிலோமீட்டர் சுற்றளவில் 13.6 டிரில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் தருகிறது. அதே காந்தங்களை வைத்து பிளாங்க் ஆற்றலுக்குப் போக சுமார் 2,500 ஒளியாண்டு சுற்றளவு வேண்டும். ஆகவே "நிரூபிக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு வகுப்பில் தெளிவாக "இல்லை" என்று சொல்ல வேண்டும். இழையை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு துகளுக்கும் இணையாக எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துகள்கள் அந்த மோதுவானில் கிடைக்கவில்லை. ஆறு கூடுதல் பரிமாணங்களைச் சுருட்டும் வழிகள் 10⁵⁰⁰ என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அவற்றுள் நம் உலகம் எது என்று தேர்ந்தெடுக்க விதி இல்லை.

#16 · ராயபுரம் இயற்பியல்

அந்த "இல்லை"யில் நான் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். கூடவே, சோதித்துப் பார்த்த இடங்களையும் சொல்லலாம். கூடுதல் பரிமாணம் பெரிதாக இருந்தால் சிறிய தொலைவில் ஈர்ப்பு எதிர்வர்க்க விதியை மீற வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசால் 52 மைக்ரோமீட்டர் வரை பார்த்து 2020-இல் வெளியிட்டது. விதி மீறப்படவில்லை. மீறல் என்று பயந்து பார்த்தால் பெரும்பாலும் மின்னூட்டக் கசிவாக இருக்கும். அதனால்தான் அந்தச் சோதனையில் இரு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய உலோகத் திரை கட்டுவார்கள்.

கணக்காக நின்றவையும் உண்டு. 1984-இல் கிரீனும் ஷ்வார்ஸும், சமச்சீர்க் குழுவின் பரிமாணம் 496 ஆக இருந்தால் முரண்கள் ஒன்றையொன்று அடித்துப் போகும் என்று காட்டினார்கள். 1996-இல் ஸ்ட்ரோமிங்கரும் வாஃபாவும் ஒரு கருந்துளையின் என்ட்ரோபியை (உள்ளே எத்தனை நிலைகள் என்பதன் அளவை) நிலைகளை எண்ணியே கண்டார்கள். பரப்பளவில் நான்கில் ஒரு பங்கு, சரியாக. அது ஐந்து பரிமாணத்தில் உள்ள, சிறப்பு மின்னூட்டம் கொண்ட கருந்துளை. வானத்தில் உள்ளதல்ல. இதைச் சொல்லாமல் விடுவது தவறு.

#17 · பெரம்பூர் கணக்கு

நிலைகளை எண்ணுவதிலும் ராமானுஜன் வருகிறார். 4-ஐக் கூட்டலாகப் பிரிக்க 5 வழி. ஒரே திசையில் ஆடும் இழையின் நான்காம் நிலையிலும் 5. 24 திசைக்கு 24, 324, 3200, 25650 என்று ஏறும். பெரிய எண்களுக்கு இது எப்படி வளரும் என்ற வாய்ப்பாட்டை ஹார்டியும் அவரும் 1918-இல் தந்தார்கள். அதே வழியின் நீட்சிதான் கருந்துளை எண்ணிக்கையில் பயன்படுகிறது. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் அறிமுகப்படுத்திய மாக் தீட்டா என்ற புது வகைச் சார்புகளும் 2012-இல் தபோல்கர், மூர்த்தி, ஸாகியர் மூவரின் கருந்துளைக் கணக்கில் வந்தன. இந்தியாவில் இத்துறையில் அசோக் சென்னின் பெயரைச் சொல்லுங்கள். 1994-இல் அவர் செய்த இருமைச் (வேறாகத் தெரியும் இரண்டு விவரிப்புகள் ஒன்றே என்பது) சோதனையிலிருந்துதான் பலர் பத்துப் பரிமாணத்தின் ஐந்து இழைக் கோட்பாடுகளும் ஒன்றே என்ற எண்ணத்துக்கு நகர்ந்தார்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் இந்த ஆய்வு நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத தூரம் இல்லை.

#18 · கொருக்குப்பேட்டை +2

அப்போ ஒரே இழைதான் ஒளித்துகளாகவும் கிராவிட்டானாகவும் ஆகுதா சார்? சுரமானியில் அதைக் காட்ட முடியுமா?

#19 · ராயபுரம் இயற்பியல்

முனை திறந்த இழையின் முதல் அதிர்வு ஒளித்துகள் வகை, மூடிய வளையத்தின் முதல் அதிர்வு கிராவிட்டான். இழை ஒன்று, ஆடும் விதம் வேறு. அதைச் சுரமானியில் இப்படிக் காட்டலாம்.

4 கிலோ தொங்கவிட்டு, இரண்டு மரப் பாலங்களுக்கு நடுவே 31.1 செ.மீ. வையுங்கள். நடுவில் ஆங்கில 'வி' போல மடித்த சின்னக் காகிதம். 256 இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிப் பெட்டி மீது ஊன்றினால் காகிதம் எகிறி விழும். நீளத்தை மாற்றாமல் 512-ஐ ஊன்றுங்கள். நடுக் காகிதம் அசையாது, அது கணு. கால் பங்கில், 7.8 செ.மீ.யில் வைத்த காகிதம் விழும். கம்பி அதேதான், எடை அதேதான், வடிவம் வேறு.

காகிதம் விழாவிட்டால் மூன்று இடம் பாருங்கள். கொக்கித் தாங்கியின் அரைக் கிலோவை எடையில் சேர்த்தீர்களா? விட்டிருந்தால் நீளம் 33 செ.மீ.க்கு ஓடிவிடும். கப்பியில் எண்ணெய் இருக்கிறதா? உராய்வு இருந்தால் பாலங்களுக்கு நடுவே உள்ள இழுவிசை தொங்கும் எடைக்குச் சமமாக இராது. எடை ஏற்றியதும் கம்பியை இரண்டு முறை சுண்டிவிடுங்கள். கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா? மடக்கு விழுந்த கம்பியில் கணு நடுவில் நிற்காது, மாற்றிவிடுங்கள்.

#20 · வியாசர்பாடி ஞாயிறு வகுப்பு

கம்பியை அளந்தேன், 0.5 இல்லை, 0.46 மில்லிமீட்டர். நீளம் மாறுமா சார்?

#21 · ராயபுரம் இயற்பியல்

மாறும். விட்டத்துக்கு எதிர்விகிதம். 31.1-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.46-ஆல் வகுத்தால் 33.8 செ.மீ. கால் பங்கு 8.5-இல் வரும். திருகுஅளவியின் சுழிப்பிழையைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.